சந்திர வதனம்

பெண்ணின் முகத்தைப் பூரண சந்திரனுக்கு ஒப்பிடாத கவி நம் தேசத்தில் உண்டா? டாக்டர்களும் அந்த உவமையை விட்டு வைக்கவில்லை. ஆனால் ஒரு வித்தியாசம். கவி "சந்திர முகம்" என்றால் அது வர்ணனை. டாக்டர் தம் குறிப்பேட்டில் "சந்திர முகம்" என்று எழுதினால் அது புகார்! கன்னம் இரண்டும் உப்பி, தாடை மறைந்து, முகம் வட்டமாகிவிட்டது. இந்த அம்மாள் ஏதோ ஒரு மாத்திரையை நெடுநாளாகச் சாப்பிட்டு வருகிறாள் என்று அதற்கு அர்த்தம். எந்த மாத்திரை என்றும் அவருக்குப் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேள்விப்படாத வீடு இன்று இல்லை. "ஐயோ, ஸ்டீராய்டா? வேண்டவே வேண்டாம்" என்று அலறுகிறவர்கள் ஒரு பக்கம். ஸ்டீராய்டு என்று தெரியாமலே அதை வேளை தவறாமல் விழுங்குகிறவர்களும் முகத்தில் பூசிக் கொள்கிறவர்களும் இன்னொரு பக்கம். சில சமயம் இரண்டு பேரும் ஒரே ஆளாக இருப்பதுதான் வேடிக்கை! உடற்பயிற்சிக் கூடத்து வாலிபர்கள் புஜம் பருக்க வேண்டுமென்று போட்டுக் கொள்கிறார்களே, அது வேறு ஜாதி ஸ்டீராய்டு. அதைப் பற்றி இங்கே பேச்சில்லை. மூட்டு வலிக்கும், இரைப்புக்கும், தோல் அரிப்புக்கும் டாக்டர் எழுதிக் கொடுக்கும் ஸ்டீராய்டு பற்றித்தான் இந்த வாரம். இதன் பிறப்புக் கதையே ரொம்ப ருசியானது.

1929-ஆம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி. அமெரிக்காவில் மினஸோட்டா மாகாணத்தில் ராச்செஸ்டர் என்ற ஊர். அங்கே மேயோ கிளினிக் என்ற பிரசித்தி பெற்ற வைத்தியசாலையில் பிலிப் ஹெஞ்ச் என்ற டாக்டர் மூட்டுவாத நோயாளிகளைக் கவனித்து வந்தார். அன்று அவரிடம் வந்தவரும் ஒரு டாக்டர்தான்; வயது 65. அவர் சொன்ன செய்தி விசித்திரமாக இருந்தது. அவருக்கு மஞ்சள் காமாலை வந்ததாம். வந்த மறுநாளே வெகுகாலத்து மூட்டு வலி பறந்து போய்விட்டதாம்! காமாலை இறங்கிய பிறகும் சில வாரங்கள் வலி திரும்பவில்லை என்றார்.

ஒரு வியாதி வந்து இன்னொரு வியாதியைத் துரத்துவதாவது என்று நாமாக இருந்தால் சிரித்து விட்டிருப்போம். ஹெஞ்ச் சிரிக்கவில்லை. அது போன்ற நோயாளிகளைத் தேடித் தேடிக் குறிப்பெடுத்தார். அப்புறம் இன்னொன்றும் கண்டார். மூட்டுவாதத்தால் விரல் மடக்க முடியாமல் கிடந்த பெண்கள் கர்ப்பமானதும் வலி குறைந்து நடமாடினார்கள். பிரசவம் ஆன பிறகு பழைய குருடி கதவைத் திறடி என்று வலி திரும்ப வந்துவிட்டது. காமாலை ஆணுக்கும் வரும், பெண்ணுக்கும் வரும். கர்ப்பம் பெண்ணுக்கு மட்டும். இரண்டிலும் வலி குறைகிறது என்றால், உடம்பிலேயே ஊறும் ஏதோ ஒரு பொருள் அந்தச் சமயங்களில் அதிகமாக வேலை செய்கிறது என்று அவர் ஊகித்தார். அது இன்னதென்று தெரியாததால் 'எக்ஸ்' என்று பெயர் வைத்தார். பித்த உப்புக்களைக் கொடுத்துப் பார்த்தார், இன்னும் என்னவெல்லாமோ கொடுத்துப் பார்த்தார். ஒன்றும் பலிக்கவில்லை.

அதே வைத்தியசாலையில் எட்வர்ட் கெண்டல் என்ற ரசாயன நிபுணர் இருந்தார். நம் சிறுநீரகம் ஒவ்வொன்றின் தலையிலும் குல்லாய் வைத்தாற்போல் ஒரு சின்னஞ்சிறு சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. அட்ரினல் என்று பெயர். நாலைந்து கிராம் எடைதான் இருக்கும். மாடுகளின் அட்ரினல் சுரப்பிகளிலிருந்து கெண்டல் பல சரக்குகளைப் பிரித்தெடுத்து, ஏ, பி என்று எழுத்து வரிசையில் பெயரிட்டு வந்தார். அதில் ஒன்று 'ஈ'. பெயர் நமக்குச் சற்று அற்பமாகப் படலாம், ஆள் அற்பமல்ல. தாம் தேடும் எக்ஸ் இந்த ஈதானோ என்று ஹெஞ்சுக்குச் சந்தேகம். சோதித்துப் பார்க்கலாமென்றால் சரக்கு வேண்டுமே! மெர்க் என்ற மருந்துக் கம்பெனியில் லூயிஸ் ஸாரெட் என்ற இளைஞர், மாட்டுப் பித்தத்திலிருந்து முப்பதுக்கு மேற்பட்ட படிகளைக் கடந்து அதைத் தயாரிக்க வழி கண்டார். அப்படியும் கிடைத்தது ஊறுகாய் அளவுதான்.

1948-ஆம் வருஷம் ஜூலை மாதம் மேயோ கிளினிக்கின் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் வந்து சேர்ந்தாள். வயது 29. நாலு வருஷத்துக்கு மேலாக மூட்டுவாதம். எழுந்து நடப்பதே துர்லபம். வேறு சிகிச்சைகளைச் செய்து பார்த்தார்கள், பலனில்லை. ஏதாவது ஒரு வழி பிறக்காமல் வீடு திரும்ப மாட்டேன் என்று அவள் பிடிவாதமாக இருந்து விட்டாளாம். மருத்துவ சரித்திரத்தில் பெண்களின் பிடிவாதம் சாதித்தவை எத்தனையோ. இதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக் கொள்ளலாம். செப்டம்பர் 21-ஆம் தேதி அவளுக்கு ஈ மருந்து ஊசியாகப் போடப்பட்டது. தினம் 100 மில்லிகிராம். இரண்டு மூன்று நாளில் படுக்கையில் புரண்டு படுப்பது சுலபமாயிற்று. ஒரு வாரத்துக்குள் அந்த அம்மாள் கடைவீதிக்குப் போய், மூன்று மணி நேரம் சாமான் வாங்கித் திரும்பினாள்!

அந்த மூன்று மணி நேரத்தின் பெருமை புருஷர்களுக்கு விளங்காது.

அந்த ஈக்குத்தான் பிறகு கார்டிஸோன் என்று நாமகரணம் ஆயிற்று. 1950-ல் ஹெஞ்ச், கெண்டல், ஸ்விட்ஸர்லாந்தின் ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு. முதல் ஊசிக்கும் பரிசுக்கும் நடுவே இரண்டே வருஷம். 1949-ல் கார்டிஸோன் ஒரு கிராம் 200 டாலர் விலை. மெக்ஸிகோ காட்டில் விளையும் ஒரு வகை வள்ளிக் கிழங்கிலிருந்து மூலப்பொருள் எடுக்கலாம் என்று ஒருவர் கண்டிருந்தார். அந்த மூலப்பொருளைப் பூஞ்சக் காளானிடம் கொடுத்தால், ரசாயன நிபுணர்கள் திண்டாடிய ஒரு படியை அது அநாயாசமாகச் செய்து கொடுத்துவிடும் என்று 1952-ல் அப்ஜான் கம்பெனியில் இருவர் கண்டார்கள். ரொட்டியில் பூக்கும் பூஞ்சணத்தின் உறவுக்காரக் காளான்தான்! விலை மளமளவென்று இறங்கிற்று. 1955-ல் கார்டிஸோனைவிட நாலைந்து மடங்கு வீரியமுள்ள ப்ரெட்னிஸோனும் ப்ரெட்னிஸலோனும் வந்தன. அடுத்த சில வருஷங்களில் இன்னும் வீரியமான டெக்ஸாமெதாஸோன் வந்தது. இன்றைக்கு நம் மருந்துக் கடைகளில் கிடைப்பவை இந்தக் குடும்பத்தின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தாம்.

ஆரம்பத்திலிருந்தே ஒரு குறை தெரிந்தது. ஊசியை நிறுத்தினால் வலி திரும்பி வந்தது. நிறுத்தாமல் கொடுத்தாலோ முகம் உப்பிற்று, தூக்கம் போயிற்று, சிலருக்குப் புத்தியே தடுமாறிற்று. 1956-ல் ஹாலிவுட்டில் இதை வைத்து ஒரு படமே எடுத்தார்கள். ஜேம்ஸ் மேஸன் அதில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். உயிரைக் காப்பாற்றக் கார்டிஸோன் கொடுக்கிறார்கள். மனிதர் குணமடைகிறார்; அதோடு நிற்காமல் மாத்திரையைத் தாமாகவே கூட்டிக் கொண்டு போகிறார். கடைசியில் தம்மைப் போல் மகா புத்திசாலி உலகத்தில் கிடையாது என்று எண்ணிக் கொண்டு, பெற்ற பிள்ளையையே கொல்லத் துணிகிறார். சினிமாதானே என்று தள்ளிவிட வேண்டாம். ஒரு பத்திரிகையில் வெளிவந்த உண்மை வரலாற்றை வைத்து எடுத்த படம் அது.

வலியைப் போக்குகிற பொருளுக்கு இத்தனை சேஷ்டைகள் ஏன்? இது வெளியிலிருந்து வந்த விருந்தாளி அல்ல, வீட்டு எஜமானி மாதிரி, அதுதான் காரணம். கார்டிஸால் என்ற பெயரில் நம் உடம்பே இதைத் தினமும் சுரக்கிறது. விடியற்காலையில் நாம் கண் விழிப்பதற்குள் சுரப்பு உச்சத்துக்கு வரும்; நடு நிசியில் மிகக் குறைந்துவிடும். நாள் முழுவதும் ஊறுவதைச் சேர்த்தால், ப்ரெட்னிஸலோன் மாத்திரைக் கணக்கில் ஏறக்குறைய 5 மில்லிகிராம் ஆகும். இவ்வளவை வைத்துக் கொண்டு அது ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு இருக்க வேண்டும், அழுத்தம் எவ்வளவு இருக்க வேண்டும், எங்கே கொழுப்பைச் சேர்க்க வேண்டும் என்றெல்லாம் நிர்வாகம் பண்ணுகிறது. காயமோ கிருமியோ வந்தால் உடம்பு சிவந்து, வீங்கி, சூடேறிச் சண்டை போடுகிறதல்லவா? அந்தச் சண்டை எல்லை மீறாமல் அடக்குவதும் இதன் வேலை. உயிரணுவுக்குள்ளே நுழைந்து, அங்கே இதற்கென்றே இருக்கும் ஒரு புரதத்தோடு கை கோத்து, உட்கருவரை போய், "இதைத் தயார் செய், அதை நிறுத்து" என்று உத்தரவு போட்டுவிட்டு வரும். அதனால்தான் ஊசி போட்ட மறு நிமிஷமே பலன் தெரிவதில்லை. சில மணி நேரமாவது ஆகிறது.

மூட்டுக்கு மட்டும் உத்தரவு போடு, கன்னத்துக்குப் போடாதே என்று மாத்திரையிடம் சொல்ல முடியுமா? உடம்பு சுரக்கும் அளவைப்போல் நாலு மடங்கு, எட்டு மடங்கு வெளியிலிருந்து போனால் எல்லா இலாகாவிலும் அமளிதான். பசி அகோரமாக எடுக்கும். முகத்திலும் வயிற்றிலும் பிடரிக்குக் கீழேயும் சதை போடும், கை கால் மட்டும் இளைக்கும். தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்து, லேசாக இடித்தாலே நீலம் பாரிக்கும். சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் ஏறும். கண்ணில் புரை விழும். எலும்பு உள்ளுக்குள் சல்லடையாகும். மாதவிலக்கு நின்ற ஸ்திரீகளுக்கு ஏற்கெனவே எலும்பு மெலிகிற காலமாதலால் இது இரட்டை வரி. சண்டையை அடக்குகிற மருந்தாதலால் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். நம் ஊரில் முக்கியமாக, எப்போதோ வந்து உள்ளே அடங்கிக் கிடக்கும் க்ஷயம் தலை தூக்கிவிடும்.

இவையெல்லாம் பலருக்கும் ஓரளவு தெரிந்தவைதாம். தெரியாத அபாயம் ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் இத்தனை தூரம் வந்தேன்.

ஒரு மாமியைக் கற்பனை செய்து கொள்வோம். கற்பனை என்று பெயர்தானே தவிர, தெருவுக்கு ஒரு மாமி இப்படி இருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் முழங்கை, மணிக்கட்டெல்லாம் வீங்கி டாக்டரிடம் போனார். டாக்டர் இரண்டு வாரத்துக்கு மாத்திரை எழுதி, "முடிந்ததும் வந்து காட்டுங்கள்" என்றார். மாத்திரை அமிர்தமாக வேலை செய்தது. அப்புறம் எதற்கு டாக்டர்? முனை மருந்துக் கடைப் பையன் இருக்கிறானே! "என்ன மாமி, அதே மாத்திரைதானே?" என்று அவனே எடுத்து வைத்து விடுகிறான். விலையும் கொஞ்சம். சீட்டு கசங்கிக் கிழிந்தது, மாத்திரை நிற்கவில்லை. மாமியின் முகம் பொலிவாகத்தான் இருந்தது. "உடம்பு தேறியிருக்கு மாமி" என்று நாலு பேர் சொன்னார்கள்.

ஒரு நாள் ஊரிலிருந்து பிள்ளை வந்தான். மாத்திரை அட்டையைப் பார்த்தான். "அம்மா, இது ஸ்டீராய்டு! யார் கொடுத்தது உனக்கு?" என்று குதித்து, அட்டையைத் தூக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டான். நல்ல பிள்ளை, தாயார் மேல் உள்ள பிரியத்தினால்தான் செய்தான். நாலாம் நாள் மாமிக்குச் சாதாரண ஜுரம். அடுத்த நாள் வாந்தி, வயிற்று வலி. எழுந்தால் கண்ணை இருட்டிக் கொண்டு வந்தது. ரத்த அழுத்தம் கிணற்றுக்குள் போட்ட கல் மாதிரி இறங்கிவிட்டது.

நடந்தது என்ன? தினமும் வெளியிலிருந்து மாத்திரையாக வந்து கொட்டிக் கொண்டிருந்ததனால், மூளை அட்ரினல் சுரப்பிக்கு அனுப்புகிற உத்தரவை நிறுத்திக் கொண்டது. சமைத்த சாப்பாடு ஓட்டலிலிருந்து வேளா வேளைக்கு வந்து கொண்டேயிருந்தால் சமையற்காரிக்கு என்ன வேலை? அடுப்பு அணைந்தது, சுரப்பி சுருங்கித் தூங்கிப் போயிற்று. திடீரென்று ஒரு நாள் ஓட்டல் சாப்பாட்டை நிறுத்தினால் வீடே பட்டினி. தூங்கின சுரப்பி விழித்துப் பழையபடி வேலை செய்யச் சில மாதங்கள், சிலருக்கு ஒரு வருஷங்கூட ஆகும். அதற்குள் ஜுரமோ விபத்தோ ஆப்பரேஷனோ வந்தால், அந்த நேரத்தில் உடம்பு கேட்கும் அதிகப்படிக் கார்டிஸாலைக் கொடுக்க ஆள் இல்லை.

இதை உலகம் கற்றுக் கொண்டது ஒரு மனிதரின் உயிரை விலை கொடுத்து. 1952-ல் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் சஞ்சிகையில் ஒரு குறிப்பு வந்தது. மூட்டுவாதத்துக்காக மாதக்கணக்கில் கார்டிஸோன் சாப்பிட்டு வந்த 34 வயது வாலிபர் ஒருவருக்கு இடுப்பில் ஆப்பரேஷன். அதற்கு இரண்டு நாள் முன்னதாக மருந்தை நிறுத்தியிருந்தார்கள். ஆப்பரேஷனுக்குப் பின் ரத்த அழுத்தம் விழுந்தது. எவ்வளவு முயன்றும் எழவில்லை. பரிசோதித்தபோது அட்ரினல் சுரப்பிகள் சுருங்கிக் கிடந்தன.

இரண்டு வருஷம் கழித்து, 1954-ல், நியூயார்க்கில் இன்னொரு இளைஞருக்கு முதுகெலும்பில் ஆப்பரேஷன். அவருக்கு வியாதியினாலேயே அட்ரினல் கெட்டுப் போயிருந்தது. மாத்திரையினால் அல்ல, ஆனால் அபாயம் அதேதான். இந்தத் தடவை டாக்டர்கள் உஷாராக இருந்தார்கள். ஆப்பரேஷன் நெடுகிலும் பின்னும் கார்டிஸோன் வகை மருந்தை ஈடு கொடுத்தார்கள். கிருமி தாக்கி நிலைமை மோசமானாலும் ஆசாமி பிழைத்தார். மறு வருஷம் சஞ்சிகையில் பெயரில்லாமல் "37 வயது மனிதர்" என்று வெளியிட்டார்கள். அந்த மனிதர்தான் ஜான் கென்னடி. ஆறு வருஷத்தில் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் ஜெயித்தார்.

ஆகவே, மாமியின் பிள்ளை செய்திருக்க வேண்டியது அட்டையைக் குப்பையில் போடுவதல்ல. அட்டையோடு அம்மாளையும் டாக்டரிடம் அழைத்துப் போவது. அவர் மாத்திரையைப் படிப்படியாக, வாரக் கணக்கிலோ மாதக் கணக்கிலோ குறைத்துக் கொண்டு வருவார். ஐந்து நாள், ஏழு நாள் என்று கொடுக்கும் சொற்ப கால மருந்தை அப்படியே நிறுத்தலாம். கணக்கு மூன்று வாரத்தைத் தாண்டியதா என்பதுதான் முக்கியக் கேள்வி. தாண்டியிருந்தால் தாமாக நிறுத்தவே கூடாது.

மூட்டுவாதமோ, சிறுநீரக நோயோ, லூபஸோ, ஏதோ காரணத்துக்காக டாக்டர் மேற்பார்வையில் நாள்பட இதைச் சாப்பிட்டே தீர வேண்டியவர்கள் உண்டு. அவர்களுக்கு இது விஷமல்ல, உயிர். அப்படிப்பட்டவர்கள் வீட்டில் இருந்தால் சில பழக்கங்கள் ஏற்படுத்திக் கொள்வது நல்லது. டாக்டர் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் ஒழிய, மாத்திரை காலைப் பலகாரத்துக்குப் பிறகு. உடம்பின் சொந்தச் சுரப்பும் காலையில்தானே அதிகம்? ராத்திரி போட்டால் கொட்டுக் கொட்டென்று விழித்திருக்க வேண்டியதுதான். ஊறுகாய், அப்பளம், கருவாடு இவற்றுக்குக் கொஞ்சம் தடா. பசி எடுக்கிறதே என்று தட்டு நிறையச் சாதம் போட்டால் சர்க்கரை எகிறும். எலும்புக்குக் கால்ஷியமும் வைட்டமின் டி-யும் வேண்டுமா என்று ஆரம்பத்திலேயே கேட்டு விடுங்கள். எலும்பு வேகமாகக் கரைவது முதல் சில மாதங்களில்தான். ஜுரம் வந்தால் வழக்கமான மாத்திரையை நிறுத்தக் கூடாது, கூட்ட வேண்டியிருக்கும். எவ்வளவு என்பதை நன்றாயிருக்கும்போதே டாக்டரிடம் எழுதி வாங்கி வைத்துக் கொள்ள வேண்டும். மாத்திரை தங்காமல் வாந்தியானால் கஷாயம் வைத்துக் கொண்டிருக்க நேரமில்லை, ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசிதான். பல் பிடுங்கப் போனாலும், பிரசவத்துக்குப் போனாலும், "நான் ஸ்டீராய்டு சாப்பிடுகிறேன்" என்ற வார்த்தை முதலில் வர வேண்டும். பர்ஸில் ஒரு சீட்டு எழுதி வைத்திருந்தால், நாம் மயக்கமாகக் கிடந்தாலும் அது பேசும். ஸ்டீராய்டு சாப்பிடும் குழந்தை, அம்மை போட்ட குழந்தையோடு விளையாடி வந்தால், மாரியம்மனுக்கு வேண்டிக் கொள்வதோடு அன்றைக்கே டாக்டருக்கும் சொல்லிவிட வேண்டும்.

இனி, வாயால் சாப்பிடாமல் முகத்தால் சாப்பிடுகிறவர்கள். இதில் புருஷர்கள் குறைவு, நாம் அதிகம். கல்யாணம் நிச்சயமான பெண்ணுக்குச் சிநேகிதி ஒரு குழாய்க் களிம்பைச் சிபாரிசு செய்கிறாள். பத்தே நாளில் முகம் பளபளவென்று வெளுக்கிறது, பரு அமுங்குகிறது. அதிசயமில்லை. ஸ்டீராய்டு ரத்தக் குழாய்களைச் சுருக்கும், நிறத்தையும் மங்கச் செய்யும். மாதங்கள் செல்லச் செல்ல முகத்துத் தோல் மெலிந்து சிவப்பு நரம்புகள் வெளியே தெரிகின்றன. பரு படை திரட்டிக் கொண்டு வருகிறது. மோவாயில் ரோமம் முளைக்கிறது. களிம்பை நிறுத்தினாலோ முகம் நெருப்பாய் எரிகிறது. எரிச்சல் தாங்காமல் மறுபடி அதே களிம்பு! படர்தாமரைக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் மூன்று நாலு சரக்குச் சேர்ந்த குழாய்களிலும் பெரும்பாலும் இது ஒளிந்திருக்கிறது. அரிப்பு உடனே அடங்கும். காளான் மட்டும் உள்ளே சௌக்கியமாகப் பரவும். மேல் பூச்சுதானே என்று முன்பு இவற்றுக்குச் சட்டத்தில் விலக்கு இருந்தது. 2018-ல் மத்திய சர்க்கார் இவ்வகைப் பதினான்கு ஸ்டீராய்டுக் களிம்புகளுக்கு அந்த விலக்கை ரத்து செய்து, டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்றது. சட்டம் இருக்கிறது. கடைப் பையனும் இருக்கிறான்.

மூட்டு வலிக்கும் இரைப்புக்கும் பெயரில்லாத பொட்டலத்தில் விற்கும் சூரணங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நல்ல சித்த வைத்தியர்களைச் சொல்லவில்லை. ஆனால் வருஷக் கணக்கான வலி இரண்டே நாளில் மாயமாய் மறைந்து, கூடவே பசியும் கன்னமும் வளர்ந்தால், சூரணத்தில் வேர் மட்டும்தான் இருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும். இப்படிக் கலந்த சரக்குகள் பல முறை அகப்பட்டிருக்கின்றன.

இவ்வளவும் படித்துவிட்டு யாராவது குழந்தையின் ஆஸ்த்மா இன்ஹேலரைத் தூக்கிப் போட்டுவிடப் போகிறீர்களே என்று எனக்குப் பயமாயிருக்கிறது. "பம்ப் வைத்தால் பழகிவிடும், மாத்திரையே தேவலை" என்று சொல்லும் பாட்டிமார்கள் இன்னும் இருக்கிறார்கள். கணக்கை நேர்மாறாகப் போடுகிறார்கள்! 1972-லிருந்து புழக்கத்திலுள்ள இந்த இழுக்கும் மருந்து நேரே மூச்சுக் குழலுக்குப் போகிறது. அளவு மைக்ரோகிராம் கணக்கு. 5 மில்லிகிராம் மாத்திரை ஒன்று என்றால் 5,000 மைக்ரோகிராம். குழந்தைக்கு ஒரு தடவை இழுக்க 100 மைக்ரோகிராம் போதும் என்கிற இடத்தில், உடம்பு பூராவும் சுற்றி வரும் மாத்திரையை யாராவது விரும்புவார்களா? இழுத்த பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படரும். தினமும் இழுக்க வேண்டியது இது. இழுப்பு வந்த நேரத்தில் உடனே உதவுவது வேறு மருந்து; இரண்டையும் குழப்பிக் கொள்ளக் கூடாது.

எப்போது கொடுப்பது என்பதிலேதான் இந்த மருந்தின் சூட்சுமம் எல்லாம். கொரோனாக் காலத்தில் அதைக் கண்ணாரக் கண்டோம். 2020 ஜூன் மாதத்தில் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையார் ஒரு பெரிய சோதனையின் முடிவைச் சொன்னார்கள். தினம் 6 மில்லிகிராம் டெக்ஸாமெதாஸோன், அதிக பட்சம் பத்து நாள். சுவாச யந்திரத்தில் இருந்தவர்களின் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆக்ஸிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களில் ஐந்தில் ஒரு பங்கு. ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்கோ ஒரு பயனும் இல்லை. இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் ஜனங்கள் காதில் போட்டுக் கொள்ளவில்லை. 2021-ல் இரண்டாவது அலை அடித்தபோது சாதாரண ஜுரத்துக்கே வீட்டில் வைத்து விழுங்கினவர்கள் எத்தனை பேர்! சர்க்கரை ஏறிய உடம்பில் கறுப்புப் பூஞ்சை புகுந்தது. அந்த மே மாதத்தில் தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்கள், அந்த நோயைக் கண்டால் சர்க்காருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று உத்தரவு போட வேண்டியதாயிற்று. கண்ணை இழந்தவர்கள் உண்டு.

மருந்தின் நல்ல முகத்தையும் பார்த்துவிட்டு முடிப்போம். நியூஸிலாந்தில் ஆக்லாந்து நகரத்துப் பிரசவ டாக்டர் லிகின்ஸ் என்பவருக்கு ஒரு கேள்வி. பிரசவ வலியை ஆரம்பித்து வைப்பது தாயா, சிசுவா? அந்த ஊரில் ஆட்டுக்குப் பஞ்சமில்லை. சினை ஆடுகளின் வயிற்றுக் குட்டிக்கு இந்த வகை மருந்தைச் செலுத்திப் பார்த்தார். குட்டிகள் நாள் நிறையும் முன்பே பிறந்தன. அத்தனை சீக்கிரம் பிறந்த குட்டி மூச்சு விட முடியாமல் செத்திருக்க வேண்டும். ஒரு குட்டி மூச்சு விட்டுக் கொண்டிருந்தது! நுரையீரல் காலத்துக்கு முன்பே பக்குவப்பட்டிருந்தது. அவரும் குழந்தை வைத்தியர் ஹோவியும் சேர்ந்து, குறைப் பிரசவமாகும் போலிருந்த 282 தாய்மார்களிடம் சோதனை செய்து 1972-ல் வெளியிட்டார்கள். ஊசி போடாதவர்களின் குழந்தைகளில் நூற்றுக்கு 26-க்கு மூச்சுத் திணறல். போட்டவர்களின் குழந்தைகளில் நூற்றுக்கு 9-தான். இத்தனை தெளிவான விஷயம் உலகமெங்கும் வழக்கத்துக்கு வர இன்னும் இருபது வருஷம் பிடித்தது என்பதை நினைத்தால் ஆத்திரமாக வருகிறது.

ஆகவே உங்கள் பெண்ணுக்கோ மருமகளுக்கோ நாள் நிறையாமல் வலி கண்டு, டாக்டரம்மா "குழந்தையின் நுரையீரலுக்காக ஸ்டீராய்டு ஊசி போடுகிறேன்" என்று சொன்னால், பதறிப் போய்த் தடுக்காதீர்கள். ஒன்றிரண்டு நாளோடு முடிந்துவிடும் ஊசி அது, முகம் சந்திரனாகாது.

கெண்டல் என்ற ரசாயன நிபுணரைச் சொன்னேனல்லவா? அவர் 1914-ஆம் வருஷம் கிறிஸ்துமஸ் தினத்தன்று, ஊரெல்லாம் பண்டிகை கொண்டாடும்போது ஆய்வுக் கூடத்தில் உட்கார்ந்து வேறொரு சரக்கைப் பிரித்தெடுத்தார். கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பியின் சரக்கு அது. அதைப் பற்றி அடுத்த வாரம்.